தட்டிய பின்னும் விடாத பிடி

அனுப்புநர்
கே. வி. பிரஜிஷா,
க/பெ ஷினோஜ்,
புதியபுரையில் வீடு,
சிறுகடவு அஞ்சல்,
கண்ணூர் மாவட்டம், கேரளம்.

பெறுநர்
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
கண்ணூர்.

பொருள்: சிறுகடவு ‘உதயம் ஜூடோ சங்க’த்தில் பயிலும் குழந்தைகளின் பாதுகாப்பு – என் மகன் நிவேத் (வயது 12) பயிற்சியாளரால் கழுத்து நெரிக்கப்பட்டு நினைவிழந்தது – விசாரணை கோருதல் – ஓணம் விடுமுறையில் நடக்கவிருக்கும் தங்கும் முகாமை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் அண்மையில் இம்மாவட்டத்தில் பொறுப்பேற்றதைச் செய்தித்தாளில் கண்டு இந்த மனுவை எழுதத் துணிந்தேன். நானே கைப்பட எழுதுகிறேன். முதலில் தட்டச்சுக் கடையில் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிக் கொடுத்தார். அதில், “மேற்படி சிறுவனுக்குப் பயிற்சியின்போது சிறு காயம் ஏற்பட்டது” என்று இருந்தது. சிறு காயம் ஏற்படவில்லை, அம்மா. அவன் கழுத்தை ஒருவர் நெரித்தார். அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். மனு நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் சிறுகடவு கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் ஓமன் நாட்டில், சலாலாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்களுக்கு நிவேத் ஒரே மகன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். மூன்றாண்டுகளாக மேற்படி ஜூடோ சங்கத்தில் பயின்று வருகிறான். சங்கம் எங்கள் ஊர் நூலகமான வாயனசாலைக் கட்டிடத்தின் மாடியில் நடக்கிறது. பயிற்சியாளர் திரு. பவித்ரன். அவர் பள்ளி ஆசிரியர் அல்ல, ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாஷ்’தான்.

2. மாஷைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுவது என் கடமை. அவர் குடிப்பதில்லை. பெரு வெள்ளத்தின்போது எங்கள் தெருக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர் அவர். பாலத்தடியில் போதை மாத்திரை விற்பவர்களிடம் போகாமல் இந்த ஊர்ப் பையன்கள் பலரைக் காத்தவரும் அவரே. அவரிடம் பயின்ற இருவர் இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையில் இருக்கிறார்கள். மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் கிடைக்கும் என்பதால், பிள்ளைகளை அவரிடம் சேர்க்கப் பெற்றோர் காத்துக்கிடக்கிறார்கள். நானும் அப்படிக் காத்திருந்து சேர்த்தவள்தான். சங்கத்துப் பிள்ளைகளின் கிழிந்த வெள்ளை உடுப்புகள் என் கடைக்கே வரும். கழுத்துப்பட்டி பிய்ந்துதான் வரும். விளையாட்டு அப்படி என்று நினைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

3. ஜூடோவைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது என் மகன் சமையலறைத் தரையில் சொல்லிக்கொடுத்தது மட்டும். சேர்ந்த முதல் வாரம் என்னைக் கீழே உட்காரவைத்து, பின்னாலிருந்து என் கழுத்தைத் தன் சின்னக் கையால் வளைத்துக்கொண்டு சொன்னான்: “அம்மா, வலிச்சா இப்படி ரெண்டு தட்டு தட்டணும். தரையில தட்டினாலும் சரி, என் மேல தட்டினாலும் சரி. தட்டின உடனே எதிராளி விட்டுடணும். அதான் ஃபர்ஸ்ட் பாடம்.” நான் வேண்டுமென்றே தட்டாமல் இருந்தேன். அவன் பயந்துபோய்த் தானாகவே விட்டுவிட்டான். “நீ தட்டலன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்று கோபித்துக்கொண்டான். அவனுக்கு அப்போது வயது ஒன்பது.

4. இவ்வாண்டு மே மாதக் கடைசியில் நடந்த மாவட்டப் போட்டியில் நிவேத் இறுதிச் சுற்றில் தோற்றான். எதிராளி கையை மடக்கிப் பிடித்தபோது இவன் தட்டிவிட்டான். வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் மாஷ் அவனோடு பேசவில்லை. இறக்கிவிடும்போது என் முன்னாலேயே அவன் கையைப் பிடித்துப் பார்த்து, “இந்தத் தட்டுற கை இருக்கே, இதை முதல்ல மறக்கடிக்கணும், சேச்சி” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

5. சூன் மாதம், பள்ளி திறந்து மழை வலுத்த நாட்களில் ஒரு மாலை. கடைத்தெருவில் மின்சாரம் போய்விட்டதால் நான் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மகனுக்குக் குடை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். பயிற்சி நேரத்தில் பெற்றோர் மாடி ஏறக்கூடாது என்பது அங்கே விதி. கவனம் சிதறும் என்பார்கள். சன்னல்கள் எல்லாவற்றையும் முந்தைய ஆண்டு மெடல் வாங்கிய பிள்ளைகளின் பெரிய ஃபிளெக்ஸ் பேனரால் மூடிவைத்திருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வரிசையாகச் சிரிப்பது மட்டுமே தெரியும். என் மகனும் அதில் இரண்டாவது வரிசையில் சிரிக்கிறான். கீழே மழைச்சாரல் அடித்ததால் நான் படியேறி மாடி வராந்தாவில் ஒதுங்கினேன். காற்றில் பேனரின் ஒரு மூலை பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன்.

பிள்ளைகள் சுவரோரம் முழங்காலிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாய்மீது மாஷ், என் மகனைப் பின்னாலிருந்து இரண்டு கால்களாலும் கவ்வி, அவன் உடுப்பின் கழுத்துப்பட்டியையே குறுக்காக இழுத்து அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். நிவேத் தட்டினான். மாஷின் முழங்கையில் தட்டினான், பிறகு பாயில் தட்டினான். மழைச் சத்தத்தையும் மீறி அது எனக்குக் கேட்டது. மாஷ் விடவில்லை. “பத்து எண்ணுங்கடா எல்லாரும். சத்தமா!” என்றார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள்.

நான் கதவை இடித்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் மீண்டும் சன்னலுக்கு ஓடி வந்து பார்த்தபோது என் மகனின் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. எண்ணுவது நிற்கவில்லை.

6. கதவு திறந்தபோது அவன் பாயில் மல்லாந்து கிடந்தான். மாஷ் அவன் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கண் திறந்தான். உடுப்பு நனைந்திருந்தது, மழையால் அல்ல. அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் மருத்துவமனையில் மருத்துவர் அதைப் பற்றிக் கேட்டபோது பையன் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

மாஷ் என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்ல சேச்சி. கொஞ்சம் தூங்கிட்டான், அவ்வளவுதான். எங்க காலத்துல நாங்களும் எத்தனை தடவை தூங்கியிருக்கோம்!” என்றார். பதற்றமே இல்லாமல் சொன்னார். அவரே அவனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தார். அவசரப் பிரிவில் நான் வாய் திறப்பதற்குள், “ப்ராக்டீஸ்ல விழுந்துட்டான் டாக்டர்” என்று சொல்லிவிட்டார். மருத்துவர் பையனிடம் கேட்டார். பையன் மாஷின் முகத்தைப் பார்த்துவிட்டு, “விழுந்தேன்” என்றான். கழுத்தைச் சுற்றி இருந்த சிவந்த வரியை உடுப்பு உராய்ந்தது என்று குறித்துக்கொண்டார்கள். நான் அங்கேயே மறுத்துச் சொன்னேன். “அம்மா கொஞ்சம் பயந்துட்டாங்க” என்று மாஷ் செவிலியரிடம் சொன்னார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

7. அன்று வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவனால் விழுங்க முடியவில்லை. மெல்லக் கேட்டேன்: “நீ தட்டினதை நான் பார்த்தேன்டா.”

“நான் தட்டல.”

“என் கண்ணால பார்த்தேன்.”

“அது தட்டினது இல்லம்மா. கை சும்மா ஆடுச்சு.” பிறகு குரலே எழும்பாமல், “நான் தட்டினேன்னு நீ யார்கிட்டயாவது சொன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்” என்றான்.

அம்மையீர், கழுத்தை நெரித்ததை வெளியே சொல்லாதே என்று அவன் கேட்கவில்லை. தட்டியதைச் சொல்லாதே என்றுதான் கேட்டான். அவனுக்கு அதுதான் அவமானமாகப் பட்டிருக்கிறது. இதைச் சரியாக எழுத எனக்குத் தெரியவில்லை. தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

8. சில நாட்கள் கழித்து அதே சங்கத்தில் பயிலும் ஒரு சிறுமி உடுப்பு தைக்கக் கடைக்கு வந்தாள். அவள் பெயரை எழுதமாட்டேன் என்று அவள் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடையில் வேறு யாரும் இல்லாதபோது அவளாகவே சொன்னாள்: “சேச்சி, அன்னிக்கு நானும்தான் எண்ணினேன்.” பரவாயில்லை என்றேன். “நான் வேகமா எண்ணினேன் சேச்சி, சீக்கிரம் பத்து வரட்டும்னு. எல்லாரும் வேகமாத்தான் எண்ணினோம். அதனால மாஷ் மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொன்னார்.”

இந்த எண்ணும் தண்டனை என் மகனுக்கு மட்டும் நடந்ததல்ல என்றும், போட்டியில் தட்டித் தோற்றவர்கள் எல்லோருக்கும் உண்டு என்றும், தனக்கும் ஒருமுறை நடந்தது என்றும் சொன்னாள். எடை குறைக்கப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டி ஓடவிடுவதையும், ஓடி முடித்தபின் தண்ணீர் தராததையும் சொன்னாள். “இங்க நடக்கறதை வீட்ல சொல்றவன் நாளைலேர்ந்து பாய்ல ஏறக்கூடாது” என்று ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒப்பிப்பார்களாம்.

மறுநாள் அவள் தந்தை கடைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். “பெங்ஙளே, என் சகோதரி மாதிரி நீங்க. உங்களுக்கு ஒரு பையன். எனக்கு இது மூணாவது பொண்ணு. அவ பேரு இதுல எங்கயும் வரவேண்டாம். அவ எதையும் பார்க்கல, எதையும் சொல்லல. சரியா?” என்றார். சரி என்றேன்.

9. நான் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறுப்பு அதிகாரி என்னை உட்காரவைத்துத்தான் பேசினார். பையனையும் அழைத்து விசாரித்தார். பையன், “நான் விழுந்தேன். அம்மா தப்பாப் பார்த்துட்டாங்க” என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டு அதிகாரி சொன்னார்: “பையனே இல்லைங்கறான். டாக்டர் விழுந்ததாத்தான் எழுதியிருக்கார். கூட இருந்த பசங்க ஒருத்தனும் ஒண்ணும் பார்க்கலயாம். நான் எதை வச்சுக்கிட்டு கேஸ் எழுதறது, நீங்களே சொல்லுங்க?” அவர் கேட்டதில் தவறு காண எனக்கு வழியில்லை. ஒரு சாட்சி இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. கும்பிட்ட அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

10. இதற்குள் ஊர் முழுதும் செய்தி பரவி, சங்கத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அன்று மட்டும் எங்களை மாடிக்கு ஏற விட்டார்கள். மாஷ் அதிகம் பேசவில்லை. சங்கத்துச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “நான் போறேன். யாராவது வந்து நல்லபடியாச் சொல்லிக்கொடுங்க. என்னால ஒரு குழந்தைக்கும் கெடுதல் வரவேண்டாம்” என்றார். பெண்கள் அழுதுவிட்டார்கள். செயலாளர் மனோகரன் சாவியை எடுத்து மாஷின் கையில் திணித்தார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“உன் பையன் ஒருத்தன் தூங்கி விழுந்ததுக்கு எங்க பசங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணுமா?”

“பத்தாவதுல கிரேஸ் மார்க் நீ தருவியா?”

“புருஷன் ஊர்ல இல்லாத வீட்ல இப்படித்தான், கற்பனை ஓடும்.”

இந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னவர் என் கடைக்குப் பத்து வருடமாக வருகிறவர். அது கூடப் போகட்டும். அதன்பின் நடந்ததுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. என் மகன் பிள்ளைகள் வரிசையிலிருந்து எழுந்தான். நேரே மாஷிடம் போய்க் குனிந்து காலைத் தொட்டு, “அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், மாஷ்” என்றான். மாஷ் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவனைக் கழுத்தோடு சேர்த்து அணைத்திருந்த கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அன்பான கை என்றே அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவேளை அன்பான கையாகவே இருக்கலாம். எனக்கு இப்போது எதுவும் விளங்கவில்லை.

11. நான் அவனைப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். பள்ளியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். கணவர் சலாலாவிலிருந்து அழைத்து, “ஊர்ல பாதிப் பேரு எனக்கு ஃபோன் பண்ணித் திட்றாங்க. இங்க வேலையில நிம்மதியா நிக்க முடியல. நீ பார்த்தது உண்மையாவே இருக்கட்டும் பிரஜி. அவனே இல்லைன்னு சொல்லும்போது விட்டுடேன்” என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். சூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் அண்ணன் திரு. ஷைஜு வந்து, பையன் சிறிது காலம் அவர் வீட்டில் இருக்கட்டும் என்று அழைத்துப் போனார். பையனே பையை எடுத்து வைத்துத் தயாராக இருந்தான். அங்கிருந்து சங்கத்துக்கு நடந்து போகிற தூரம்தான். மறுநாளே பயிற்சிக்குப் போய்விட்டான்.

12. நான் வேறோர் அலுவலகத்துக்கு எழுதிய புகாரின் பேரில் ஆய்வுக்கு ஒருவர் வந்தார். அந்த அலுவலகத்தார்மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். வருவதற்கு முன் அவர் சங்கத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு வந்தார். அன்று காலை சன்னல் பேனர்களைக் கழற்றிவிட்டார்கள். வராந்தாவில் பெற்றோருக்கு நாற்காலி போட்டார்கள். தண்ணீர்க் குடம் வைத்தார்கள். வந்தவருக்குப் பழம்பொரியும் தேநீரும் கொடுத்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, மாஷும் பக்கத்தில் நிற்கும்போதே, “உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா மக்களே?” என்று அவர் கேட்டார். “இல்லை சார்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குறை ஏதுமில்லை என்று எனக்குப் பதில் வந்தது. சன்னல்களில் இப்போது முன்னைவிடத் தடிமனான பேனர் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு ஆடுவதில்லை.

13. இப்போது அவசரமாக மனு எழுதக் காரணம் பின்வருமாறு. ஓணம் விடுமுறை தொடங்கியதும், மாநிலப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைகளை மாஷ் மலைப்பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் தங்கும் முகாமுக்கு அழைத்துப் போகிறார். பெண் பிள்ளைகளும் போகிறார்கள். உடன் போகும் பெரியவர்கள் மாஷும் செயலாளரும் மட்டுமே. அலைபேசி கூடாது. பெற்றோர் வரக்கூடாது. முகாம் முடியும் நாளில்தான் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

நிவேத்தைக் கீழ் எடைப் பிரிவில் இறக்குவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு அவன் இப்போது இருப்பதைவிட நிறைய இளைக்க வேண்டும். ஷைஜுவின் மனைவி ரம்யா சென்ற வாரம் கடைப் பக்கம் வந்து, யாரும் பார்க்காதபடி என்னை உள்ளே அழைத்துச் சொன்னாள்: “பிரஜி, எனக்கே பயமா இருக்குடி. மீன்கறி வச்சா தொடறதில்ல. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கான். ஒரு டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு எச்சிலைத் துப்பித் துப்பி அதுல சேர்க்கறான். ஏன்டா இப்படின்னு கேட்டா, ‘இதுலயும் வெயிட் குறையும் வல்லியம்மே, மாஷ் சொன்னாரு’ங்கறான்.” நான் அவளிடம், இதை எனக்காக ஒரு அதிகாரியிடம் வந்து சொல்வாயா என்று கேட்டேன். “அவரு என்னை வீட்டை விட்டே துரத்திடுவாரு” என்றாள். ரம்யாவையும் குறை சொல்ல மாட்டேன். அவள் வந்து சொன்னதே பெரிது. அவள் சொன்னதாக எங்கும் வெளியே தெரியாமல் இருக்கத் தங்களை வேண்டுகிறேன்.

முகாமுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதால் நான் செயலாளரிடம் போய், தாயாகிய நான் சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். “அப்பா சம்மதிச்சாச்சு, வல்லியச்சன் ஷைஜு கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க ஏன் சேச்சி சும்மா அலையறீங்க?” என்றார். மாஷ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “சேச்சிக்கு ஒரு டீ சொல்லு மனோகரா” என்றார்.

14. அம்மையீர், எனக்கு யாரையும் சிறையில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. முதலில் இருந்தது, அப்படியொரு கோபம் இருந்ததை மறைக்கவில்லை. இப்போது அதற்கும் தெம்பில்லை. கடையில் உட்கார்ந்திருந்தால் பயிற்சி முடிந்து பிள்ளைகள் தெருவில் போவது தெரியும். என் மகன் எதிர்ப்புறமாக ஒதுங்கிப் போகிறான். அவன் கழுத்தெலும்பு துருத்தியிருப்பது அங்கிருந்தே தெரிகிறது. கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் முன்னால் அவனுக்குத் தலைகுனிவு என்று நான் கூப்பிடுவதில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றை மட்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டித் தெரிவிக்காமல் ஒரு மாலை தாங்களோ தங்கள் அலுவலர்களோ சங்கத்துக்கு வர வேண்டும்; ஐந்து மணிக்கு மேல் வந்தால் பயிற்சி நடக்கும். பிள்ளைகளை ஒவ்வொருவராக, மாஷும் பெற்றோரும் இல்லாத இடத்தில், கனிவாகப் பேசத் தெரிந்த ஒரு பெண் அலுவலர் விசாரிக்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். எதுவரை எண்ணுவீர்கள் என்று கேட்டால் ஒருவேளை சொல்வார்கள். பிள்ளைகளின் எடையையும் உடல்நிலையையும் சங்கத்துக்குத் தொடர்பில்லாத மருத்துவர் பார்க்க வேண்டும். சன்னல்களை மூடக்கூடாது, கதவைத் தாழிடக்கூடாது, வராந்தாவில் யாராவது ஒரு தாய் உட்கார்ந்திருக்கலாம் என்று உத்தரவிட வேண்டும். அந்தத் தாய் நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்னை வரக்கூடாது என்று சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். விசாரணை முடியும்வரை முகாமை நிறுத்திவைக்க வேண்டும். முகாமை நிறுத்தத் தங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணியாவது அந்தப் பங்களாவில் உடன் தங்க வழிசெய்ய வேண்டும். அதுவும் முடியாதென்றால், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தையாவது தாங்கள் எழுத வேண்டும். அதிகாரியின் கையெழுத்துக்கு அவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள்.

என் மகனை விசாரிக்கும்போது அவன் மறுபடியும் தட்டவில்லை என்றே சொல்வான். தயவுசெய்து அவனைப் பொய்யன் என்று எழுதிவிடாதீர்கள். அம்மா சொன்னதுதான் பொய் என்று அவன் நிம்மதியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். அதை நான் தாங்கிக்கொள்வேன். தட்டுவது தோல்வி அல்ல என்று என்னைத் தவிர வேறு யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டான்.

அவனோடு பேசத் தாங்கள் விரும்பினால் ஷைஜு அவர்களின் வீட்டுத் தொலைபேசி எண்ணை இத்துடன் இணைத்துள்ளேன். ஆனால் பெரியவர்கள் எடுத்தால் கொடுக்கமாட்டார்கள். பிறந்தநாளுக்கு அவன் அப்பா அனுப்பிய அலைபேசி ஒன்று அவனிடம் இருக்கிறது. அந்த எண்ணையும் தந்துள்ளேன். தங்கள் அலுவலக எண்ணிலிருந்தே அழைக்கும்படி வேண்டுகிறேன். என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவன் எடுப்பதில்லை.

இடம்: சிறுகடவு
நாள்: 18-08-2023

தங்கள் இரக்கத்தை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கே. வி. பிரஜிஷா
நிவேத்தின் தாய்